வைஃபை டிரைவர் மெமரியைத் தின்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸ் மடிக்கணினி, ஓப்பன்டபிள்யூஆர்டி (ரூட்டர்களுக்கான லினக்ஸ்) போட்ட ரூட்டர், யூஎஸ்பி டாங்கிள் என்று எதை வைத்திருந்தாலும் வைஃபை டிரைவரும் மெமரியும் பற்றி வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவை இங்கே கேட்டவர்கள் வார்த்தையிலேயே இருக்கின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "மெமரி பிரச்சினை" என்ற ஒரே பெயரில் நான்கு கோளாறுகள் வருகின்றன. எடுத்த இடத்தை டிரைவர் திருப்பித் தர மறந்தால் அது கசிவு. மறக்கவில்லை, ஆனால் வரிசையில் குவித்து வைத்திருக்கிறது என்றால் தேக்கம். மொத்த இடம் போதுமான அளவு இருந்தும் தொடர்ச்சியாகக் கிடைக்கவில்லை என்றால் துண்டாடல். திருப்பிக் கொடுத்த இடத்தையே மறுபடி தொட்டால் சேதம். எது என்று தெரியாமல் கருவியை எடுத்தால் நாள் வீணாகும்.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் உள்ளன. திரையில் தட்டும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

ரூட்டர்ல ஃப்ரீ மெமரி குறைஞ்சுக்கிட்டே போகுது. டிரைவர் லீக்தானே?

இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. /ப்ராக்/மெம்இன்ஃபோ கோப்பில் மெம்ஃப்ரீ என்ற வரி குறைவது இயல்பு. சும்மா கிடக்கும் இடத்தைக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கோப்புகளுக்கான கேஷாகப் பயன்படுத்திக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டிய வரி மெம்அவைலபிள்; 2014இல் வந்த 3.14 கர்னலிலிருந்து இது இருக்கிறது. அதோடு எஸ்அன்ரிக்ளெய்ம் என்ற வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். கர்னல் தனக்காக எடுத்து, நெருக்கடியிலும் விட்டுக்கொடுக்க முடியாத இடம் அது. டிரைவரின் செலவு பல நேரம் அங்கே தெரியும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு எண்களையும் நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதவிட்டு ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். பகலில் ஏறி இரவில் ஆள் இல்லாதபோது இறங்கினால் அது கசிவு அல்ல. இரவிலும் இறங்காமல், மறுநாள் அதற்கு மேலேயே ஏறத் தொடங்கினால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

எஸ்அன்ரிக்ளெய்ம் ஏறுது. அது வைஃபையாலதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஸ்லாப்டாப் கட்டளையை "-எஸ் சி" சேர்த்து ரூட்டாக ஓட்டினால் எந்தக் கேஷ் (இங்கே கோப்புக் கேஷ் அல்ல; ஒரே அளவுள்ள பொருள்களுக்குக் கர்னல் வைத்திருக்கும் ஸ்லாப் தொகுப்பு) அதிக இடம் பிடித்திருக்கிறது என்று வரிசைப்படி காட்டும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இரண்டு பகுதிகள் உண்டு: எஸ்கேபஃப்_ஹெட்_கேஷிலிருந்து வரும் தலைப்பகுதி (64 பிட் கர்னலில் 256 பைட்), தரவுக்கான பஃபர் (பல டிரைவர்களில் கேமெலாக்-2கே). இரண்டும் கைகோத்து ஒரே எண்ணிக்கையில் ஏறினால் போவது பாக்கெட்டுகள். தலைப்பகுதி அசையாமல் கேமெலாக்-512 அல்லது கேமெலாக்-1கே மட்டும் ஏறினால், இணைப்பு, சாவி, ஸ்கேன் போன்ற வேலைகளுக்கான கட்டமைப்புகள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே அளவுள்ள கேஷ்களைக் கர்னல் ஒன்றாகச் சேர்த்துவிடும். அதனால் சம்பந்தமே இல்லாத பெயரின் கீழ் உங்கள் பாக்கெட்டுகள் ஒளிந்திருக்கலாம். பூட் வரியில் (தொடங்கும்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) ஸ்லாப்_நோமெர்ஜ் சேர்த்து ஒருமுறை மறுதொடக்கம் செய்த பிறகு வரும் பட்டியலை மட்டும் நம்புங்கள். சின்ன ரூட்டர்களில் ஸ்லாப்டாப் இருக்காது. /ப்ராக்/ஸ்லாப்இன்ஃபோ கோப்பை நேரடியாகப் படிக்கலாம். அதுவும் இல்லையென்றால் கர்னல் கட்டமைப்பில் அது அணைக்கப்பட்டிருக்கிறது, அதை இயக்கிக் கர்னலைப் புதிதாகக் கட்ட (கம்பைல் செய்ய) வேண்டியதுதான்.

ஸ்லாப்ல ஒண்ணுமே ஏறல, ஆனா அவைலபிள் மட்டும் குறையுது. மெமரி எங்கதான் போச்சு?

பக்கம் பக்கமாக (பக்கம் என்பது வழக்கமாக 4 கேபி துண்டு) எடுக்கப்படும் இடம் ஸ்லாப் கணக்கில் வராது. ஐடபிள்யூஎல்வைஃபை, எம்டி76 போன்ற டிரைவர்கள் உள்வரும் பாக்கெட்டுகளுக்கு முழுப் பக்கங்களையே எடுக்கின்றன. அப்படி நேரடியாக எடுக்கப்பட்ட பக்கங்களுக்கு மெம்இன்ஃபோவில் தனி வரியே கிடையாது. மெம்டோட்டலிலிருந்து மெம்ஃப்ரீ, பஃபர்ஸ், கேஷ்டு, அனான்பேஜஸ், ஸ்லாப், கர்னல்ஸ்டாக், பேஜ்டேபிள்ஸ் எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம் கொஞ்சம் எப்போதும் இருக்கும். அந்த மிச்சம் நாளுக்கு நாள் வளர்ந்தால் காணாமல்போன மெமரி அதுதான்.

யார் எடுத்தது என்று கண்டுபிடிக்க, அந்த வசதியோடு கட்டிய கர்னலில் பூட் வரியில் பேஜ்_ஓனர்=ஆன் என்று கொடுங்கள். டீபக்எஃப்எஸ்ஸில் (பிழை தேடுவதற்காகக் கர்னல் காட்டும் தனி அடைவு) பேஜ்_ஓனர் என்ற கோப்பு வரும். ஒவ்வொரு பக்கத்தையும் எடுத்த செயல்கூறுகளின் அடுக்கு அதில் இருக்கும். அதை அப்படியே படித்தால் கண் கெட்டுப்போகும். கர்னல் மூலத்தோடு வரும் பேஜ்_ஓனர்_சார்ட் கருவியில் போட்டு வடிகட்டுங்கள்.

2024இல் வந்த 6.10 அல்லது அதற்குப் பிந்தைய கர்னல் உங்களிடம் இருந்தால் இன்னும் சுலபமான வழி உண்டு. மெமரி ஒதுக்கீட்டு விவரக்கணக்கு வசதியோடு கட்டினால் /ப்ராக்/அலாக்இன்ஃபோ என்ற கோப்பு வரும். மூலக் கோப்பு, வரி எண், மாட்யூல், செயல்கூறு வாரியாக எத்தனை பைட், எத்தனை ஒதுக்கீடு என்று காட்டும். ஸ்லாப், பக்கம் இரண்டும் இதில் அடங்கும். ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு நகல் எடுத்து ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம்.

டிரைவரைக் கழட்டி மாட்டினா மெமரி திரும்ப வந்துடுது. அப்போ லீக் இல்லையா?

இது நல்ல சோதனை, நிறையப் பேர் செய்யாமல் விடுவது. மாட்ப்ரோப் -ஆர் கொடுத்து டிரைவரை இறக்கிய பின் இடம் திரும்பினால், அந்த இடம் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரிந்திருக்கிறது. அதாவது தேக்கம்: ஏதோ ஒரு வரிசையோ பட்டியலோ வரம்பில்லாமல் வளர்கிறது. திரும்பாவிட்டால் உண்மையான கசிவு, மறுதொடக்கம் வரை அந்த இடம் போனது போனதுதான்.

தேக்கத்துக்கு அடிக்கடி காரணமாக இருப்பது டெவ்எம் வகை ஒதுக்கீடு. கருவி கழற்றப்படும்போது தானாக விடுவிக்கப்படும் என்பதால் எழுதுபவருக்கு வசதி. ஆனால் அதை டிரைவர் தொடங்கும் இடத்தில் ஒரே முறை அழைக்க வேண்டும். ஒவ்வொரு இணைப்பின்போதும் அழைத்தால் பழையது விடுவிக்கப்படாமல் அடுக்கடுக்காகச் சேரும்.

எந்த வேலை செய்யும்போது லீக் ஆகுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

சந்தேகப்படும் வேலைகளைத் தனித்தனியாக, எண்ணிச் செய்யுங்கள். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைப்பது 500 முறை. ஸ்கேன் 500 முறை. இணைப்பின் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 வைத்துப் பத்து நிமிடம் அனுப்புவது, பத்து நிமிடம் பெறுவது. தூங்கவைத்து எழுப்புவது 50 முறை. ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் எஸ்அன்ரிக்ளெய்ம் எண்ணைக் குறியுங்கள். 500 இணைப்புகளில் 500 கேபி ஏறினால் இணைப்புக்கு 1 கேபி. கேமெலாக்-1கேயில் 500 பொருள்கள் கூடியிருக்கின்றனவா என்று பார்த்தால் உறுதியாகிவிடும்.

வேகத்தை வைத்தும் ஊகிக்கலாம். காலியாக 40 எம்பி உள்ள ரூட்டர் நொடிக்கு ஒரு 2 கேபி பஃபரை இழந்தால் 20,480 நொடியில், அதாவது ஏறத்தாழ 5 மணி 40 நிமிடத்தில் படுத்துவிடும். அதே ரூட்டர் மூன்று நாள் தாங்குகிறது என்றால் பதின்மூன்று நொடிக்கு ஒரு பஃபர் போகிறது. பாக்கெட்டுக்கு ஒன்று கசிந்தால் அவ்வளவு நேரம் தாங்காது. ஆகவே எப்போதாவது நடக்கும் ஒரு நிகழ்வையோ பிழை வழியையோ தேடுங்கள்.

ஸ்கேன் பண்ணினா மெமரி ஏறுது, இறங்கவே மாட்டேங்குது. இது லீக்தானே?

அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ இருந்தால் அவசரப்படாதீர்கள். கண்ணில் பட்ட ஒவ்வொரு அணுகல் புள்ளியையும் கர்னலின் பொது வைஃபை அடுக்கான சிஎஃப்ஜி80211 ஒரு பட்டியலில் வைக்கிறது. 30 நொடி வரை காணாதவை பழையவை என்று கழிக்கப்படும். பட்டியலின் மேல்வரம்பு வழக்கமாக 1000. எனவே முதல் சில ஸ்கேன்களில் ஏறி, பிறகு சமமாக நிற்க வேண்டும். நூறு ஸ்கேனுக்கும் ஐந்நூறு ஸ்கேனுக்கும் இடையில் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் சந்தேகம் சரி. டிரைவர் ஒரு பதிவைப் பிடித்துக்கொண்டு சிஎஃப்ஜி80211_புட்_பிஎஸ்எஸ் அழைக்க மறப்பது வழக்கமான காரணம்.

கேமெம்லீக் எப்படி ஓட்டறது?

2009இல் 2.6.31 கர்னலோடு வந்த, கசிவைத் தேடும் கருவி இது. கர்னலை டீபக்_கேமெம்லீக் இயக்கிக் கட்ட வேண்டும். சில வினியோகங்களில் கட்டப்பட்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கும்; பூட் வரியில் கேமெம்லீக்=ஆன் கொடுத்தால் போதும். டீபக்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்து, அங்கே உள்ள கேமெம்லீக் கோப்பில் முதலில் "கிளியர்" என்று எழுதுங்கள். பழைய சந்தேகங்கள் அழியும். பிறகு மேலே சொன்ன நிகழ்வுச் சோதனையைச் செய்யுங்கள். "ஸ்கேன்" என்று எழுதி, சில நொடி விட்டு இன்னொரு முறையும் எழுதி, அதன் பிறகு கோப்பைப் படியுங்கள்.

இரண்டு முறை ஏன்? ஒரு சுட்டி (பொருள் இருக்கும் முகவரி) செயலியின் ஒரு பதிவேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகரும் நேரத்தில் ஸ்கேன் நடந்தால் அந்தப் பொருள் அநாதையாகத் தெரியும், அடுத்த முறை காணாமல் போகும். இரண்டு ஸ்கேனிலும் நிற்பதும், ஒரே அடுக்கோடு நிகழ்வின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பெருகுவதும்தான் நிஜம். தனியாக ஒன்றே ஒன்று நின்றால் பெரும்பாலும் பொய். சுட்டியை வன்பொருளின் வளையத்தில் (டிரைவரும் சிப்பும் பஃபர்களைப் பரிமாறிக்கொள்ளும் வட்ட வரிசை) மட்டும் வைத்திருக்கும் டிரைவர்களில் இந்தப் பொய்கள் அதிகம். கேமெம்லீக் அந்த இடத்தைப் பார்ப்பதில்லை.

மெமரி கண் முன்னாடி கரையுது, கேமெம்லீக் ஒண்ணுமே சொல்லல. கருவி வேலை செய்யலையா?

வேலை செய்கிறது, அதன் கேள்விதான் வேறு. "இந்தப் பொருளைச் சுட்டும் சுட்டி எங்காவது இருக்கிறதா?" என்று மட்டும் அது பார்க்கும். தேக்கத்தில் எல்லாப் பொருள்களும் ஏதோ ஒரு பட்டியலில் கோத்திருக்கும். டெவ்எம் ஒதுக்கீடுகளும் அப்படியே. பக்கமாக எடுத்ததை அது கண்காணிப்பதே இல்லை. முதல் வகைக்குக் கழற்றி மாட்டும் சோதனை, இரண்டாவதற்குப் பேஜ்_ஓனர் அல்லது அலாக்இன்ஃபோ. இரண்டையும் மேலே பார்த்தோம்.

64 எம்பி ரேம் ரூட்டர்ல ஏசி வைஃபை போட்டா சில மணி நேரத்துல ரீபூட் ஆகுது. பேட்ச் இருக்கா?

இங்கே பெரும்பாலும் பிழை எதுவும் இல்லை, இடம்தான் இல்லை. ஏடிஎச்10கே டிரைவர் வளையங்களுக்கும் பஃபர்களுக்கும் எடுக்கும் இடமே அந்த ரூட்டருக்குக் கனம். ஓப்பன்டபிள்யூஆர்டியில் இதற்காகவே சிறிய பஃபர்களோடு கட்டிய ஸ்மால்பஃபர்ஸ் பதிப்பு தனிப் பொதியாக இருக்கிறது. வழக்கமான பொதியை நீக்கிவிட்டு அதை நிறுவுங்கள்.

இன்னொரு இடம், பல வைஃபை டிரைவர்களுக்கு மேலே இருக்கும் பொது அடுக்கான மேக்80211இன் அனுப்பும் வரிசை. வேகமான 802.11ஏசி வன்பொருளுக்கு அது 16 எம்பி வரை பாக்கெட்டுகளைக் குவிக்கலாம், பழைய 802.11என் வன்பொருளுக்கு மட்டும் 4 எம்பி என்று குறைத்துக்கொள்ளும். 64 எம்பியில் 16 எம்பி என்பது கால்வாசி. தூரத்தில் உள்ள மெதுவான ஒரு கைப்பேசிக்குப் பெரிய கோப்பு இறங்கினாலே வரிசை நிரம்பும். "ஐடபிள்யூ ஃபை ஃபை0 செட் டிஎக்ஸ்க்யூ மெமரி_லிமிட் 4194304" என்று கொடுத்து 4 எம்பியாக்குங்கள். ஒவ்வொரு தொடக்கத்திலும் கொடுக்க வேண்டும்.

32 எம்பி ரேம், 4 எம்பி ஃபிளாஷ் ரூட்டர்களை ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07க்குப் பிறகு கைவிட்டுவிட்டது. அவற்றோடு மல்லுக்கட்டாதீர்கள்.

"பேஜ் அலொகேஷன் ஃபெயிலியர், ஆர்டர்:4"னு லாக்ல வருது. ஆனா 30 எம்பி ஃப்ரீயா இருக்கே?

ஆர்டர் என்பது தொடர்ச்சியாக எத்தனை பக்கம் வேண்டும் என்ற கணக்கு: 4 கேபியை, ஆர்டர் எண்ணத்தனை முறை இரட்டிப்பாக்குங்கள். ஆர்டர் 0 என்றால் 4 கேபி, 3 என்றால் 32, 4 என்றால் 64 கேபி. மண்டபத்தில் முப்பது நாற்காலி காலியாக இருந்தும் பக்கத்துப் பக்கத்தில் எட்டு கிடைக்காத நிலைதான் இது. /ப்ராக்/படிஇன்ஃபோ கோப்பில் ஒவ்வொரு ஆர்டருக்கும் எத்தனை துண்டு மிச்சம் என்று இடமிருந்து வலமாக இருக்கும். வலது பக்கம் எல்லாம் பூஜ்யமாக இருந்தால் துண்டாடல்.

பயன்படுத்துபவர் செய்யக்கூடியது: ஐடபிள்யூஎல்வைஃபையில் ஏஎம்எஸ்டியூ_சைஸ் என்ற மாட்யூல் அமைப்பு உள்வரும் பஃபரின் அளவை முடிவு செய்கிறது. 1 என்றால் 4 கேபி, 2 என்றால் 8, 3 என்றால் 12 (இதற்கு 16 கேபி பஃபர்). 0 என்றால் சிப்புக்கு ஏற்ப டிரைவரே தேர்ந்தெடுக்கும். 1 வைத்தால் ஒவ்வொரு பஃபருக்கும் ஒரே பக்கம் போதும். உச்ச வேகம் சற்றுக் குறையலாம்.

டிரைவர் எழுதுபவர் செய்ய வேண்டியது: பெரிய துண்டுகளைத் தொடக்கத்திலேயே ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வது, வன்பொருள் தொடாத அட்டவணைகளுக்குத் தொடர்ச்சியான பக்கம் கேட்காத கேவிமெலாக் பயன்படுத்துவது. இடையில் ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் மென்பொருள்) மறுதொடக்கம் செய்யும்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பக் கேட்கும் டிரைவர்கள்தான் பத்து நாள் ஓடிய கணினியில் மாட்டிக்கொள்கின்றன.

ஆர்டர்:0 ஃபெயிலியர் வந்துச்சு, அப்புறம் மெமரி சரியாயிடுச்சு. ஆனா வைஃபை மட்டும் செத்துப்போச்சே?

உள்வரும் வளையம் வறண்டுவிட்டது. பாக்கெட் வந்ததும் டிரைவர் பழைய பஃபரை மேலே அனுப்பிவிட்டுப் புதியதை வளையத்தில் வைக்க வேண்டும். குறுக்கீட்டுச் சூழலில் ஜிஎஃப்பி_அட்டாமிக் (உடனே கொடு, இல்லாவிட்டால் மறுத்துவிடு) கொண்டு கேட்பதால் காத்திருக்க முடியாது, சட்டென்று மறுப்பு வரும். வளையம் முழுவதும் காலியான பிறகு வன்பொருள் புதிய பாக்கெட்டைத் தராது. பாக்கெட் வராததால் நிரப்பும் குறியீடும் ஓடாது. மெமரி திரும்பினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

சரியான டிரைவர் நிரப்ப முடியாதபோது ஒரு டைமர் வைத்து மீண்டும் முயலும். ஏடிஎச்10கேயில் அப்படி ஒன்று உண்டு. இன்னொரு முறை, புதிய பஃபர் கையில் கிடைத்த பிறகே பழையதை மேலே அனுப்புவது. கிடைக்காவிட்டால் அந்த ஒரு பாக்கெட்டை விட்டுவிட்டுப் பழைய பஃபரையே வளையத்தில் வைக்கலாம். ஒரு பாக்கெட் போனால் போகட்டும், வளையம் காலியாகக் கூடாது.

விஎம்.மின்_ஃப்ரீ_கேபைட்ஸ் ஏத்தினா சரியாகும்னு சொல்றாங்க. எவ்வளவு வைக்கலாம்?

முந்தைய கேள்வியில் சொன்ன அவசரக் கேட்புகளுக்கான இருப்பு இது. கர்னல் தானாக வைக்கும் அளவு 64 எம்பிக்கு 1024 கேபி, 256 எம்பிக்கு 2048 கேபி, 1 ஜிபிக்கு 4096 கேபி. 128 எம்பி ரூட்டரில் 2048 முதல் 4096 வரை வைத்துப் பார்க்கலாம். மொத்த ரேமில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் பயன்பாடுகளுக்கு இடம் போதாமல் கர்னல் அவற்றைக் கொல்லத் தொடங்கும். கசிவை இது குணப்படுத்தாது, தள்ளிப்போடும்.

தினமும் ட்ராப்_கேஷஸ் கிரான்ல போட்டா போதாதா?

போதாது. அது விட்டுக்கொடுக்கக்கூடிய கேஷைத்தான் கொட்டும். டிரைவர் பிடித்திருக்கும் எதையும் தொடாது.

ஃபர்ம்வேர் கிராஷ் ஆன உடனே பல எம்பி காணோம். கொஞ்ச நேரத்துல தானா வந்துடுது. பேயா?

கிராஷின்போது சிப்பின் நினைவகத்தை நகலெடுத்து டெவ்கோர்டம்ப் என்ற வழியில் டிரைவர் வைக்கிறது. யாரும் அதைப் படித்து முடிக்காவிட்டால் 5 நிமிடத்தில் கர்னலே தூக்கி எறியும். /சிஸ்/கிளாஸ்/டெவ்கோர்டம்ப் அடைவில் அந்த நேரத்தில் பார்த்தால் இருக்கும். அதை நகலெடுத்து வையுங்கள், பிழை அறிக்கைக்குத் தேவைப்படும். சிப்புக்குள் இருக்கும் ஃபர்ம்வேரின் மெமரி தனி; அங்கே இடம் தீர்ந்தால் மெம்இன்ஃபோவில் ஒன்றும் தெரியாது. கர்னலின் பதிவைக் காட்டும் டிமெசேஜில் ஃபர்ம்வேர் விழுந்த செய்தி மட்டும்தான் வரும்.

ஊப்ஸ்ல 6பி6பி6பி6பினு ஒரே எண் திரும்பத் திரும்ப வருது. அது என்ன முகவரி?

ஊப்ஸ் (கர்னல் தடுமாறும்போது எழுதும் பிழைச் செய்தி) காட்டும் அந்த எண் முகவரி அல்ல, விஷம். ஸ்லப்_டீபக் இயக்கிய கர்னல், விடுவிக்கப்பட்ட இடத்தை 6பி என்ற பைட்டால் நிரப்பி வைக்கும். அதைச் சுட்டியாக எடுத்துப் போனால் விடுவித்த பொருளை டிரைவர் பயன்படுத்தியிருக்கிறது. 5ஏ வந்தால் எடுத்த இடத்தில் எதுவும் எழுதாமலே படித்திருக்கிறது.

இனி நினைவகத் தவறுகளைக் கண்காணிக்கும் கேசான் போட்டுக் கர்னலைக் கட்டுங்கள். 2015இல் 4.0 கர்னலில் சேர்ந்தது. பயன்படுத்திய இடம், எடுத்த இடம், விடுவித்த இடம் மூன்றின் அடுக்குகளையும் ஒரே அறிக்கையில் தரும். விலையும் உண்டு: நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கை நிழலுக்கென்று எடுக்கும், வேகம் பாதியாகும் அளவுக்கு விழலாம். வேகம் மாறுவதால் நேரப் போட்டியில் பிறக்கும் சில பிழைகள் ஒளிந்துகொள்ளும். நாள்தோறும் வேலைக்குப் பயன்படும் கணினியில் வாரக்கணக்கில் காத்திருந்து பிடிக்க கேஃபென்ஸ் பொருத்தம். 2021இல் 5.12இல் வந்தது, 100 மில்லிநொடிக்கு ஒரு ஒதுக்கீட்டை மட்டும் காவலுக்குள் வைக்கும், சுமை தெரியாது. ஒரு கணினியில் மாட்டாதது நூறு கணினியில் மாட்டும்.

ரூட்டர்ல கேசான் ஓட மாட்டேங்குது. வேற வழி?

32 பிட் மிப்ஸ் சில்லுகளுக்குக் கேசான் கிடையாது. இருந்தாலும் 64 எம்பியில் அடங்காது. வைஃபை அட்டை கழற்றக்கூடியதாக இருந்தால் ஒரு மினி பிசிஐஇ அடாப்டரில் போட்டு மேசைக் கணினியில் அதே டிரைவரை ஓட்டுங்கள். சிப்பு ஒன்று, டிரைவர் ஒன்று, சோதிக்க 8 ஜிபி ரேம். அட்டை போர்டோடு ஒட்டியிருந்தால் ஸ்லப்_டீபக் வழியே போக வேண்டியதுதான்.

மேக்80211_எச்டபிள்யூசிம் என்ற பொம்மை டிரைவரும் உதவும். வன்பொருளே இல்லாமல் இரண்டு மூன்று கற்பனை ரேடியோக்களை உருவாக்கும். அதே நிகழ்வுச் சோதனையில் அங்கேயும் கசிந்தால் பழி உங்கள் டிரைவர் மேல் இல்லை, மேலடுக்கில்.

கேசான் அமைதியா இருக்கு, ஆனா சம்பந்தமில்லாத இடமெல்லாம் கெட்டுப்போகுது. எப்படி?

கேசான் பார்ப்பது செயலி செய்யும் எழுத்தை. வைஃபை சிப்பு டிஎம்ஏ மூலம் நேராக ரேமில் எழுதுவதை அது அறியாது. பஃபரை விடுவித்துவிட்டு, சிப்பிடம் சொல்லாமல் விட்டால், அடுத்த பாக்கெட் வேறு யாரோ ஒருவரின் இடத்தில் போய் விழும். கெட்ட இடத்தில் வைஃபை தலைப்பு பைட்டுகளோ தெரிந்த எம்ஏசி முகவரியோ கிடந்தால் இதுதான்.

ஐஓஎம்எம்யூவை (சிப்பு எந்த ரேம் இடத்தைத் தொடலாம் என்று காவல் காக்கும் வன்பொருள்) இயக்கி, பூட் வரியில் ஐஓஎம்எம்யூ.ஸ்ட்ரிக்ட்=1 கொடுங்கள். இல்லாவிட்டால் பழைய அனுமதி சிறிது நேரம் செல்லுபடியாகும், தவறான எழுத்து அந்த இடைவெளியில் நுழைந்துவிடும். கண்டிப்பு முறையில் டிமெசேஜில் பிழை வரும்: ஏஎம்டியில் ஐஓ_பேஜ்_ஃபால்ட், இன்டெலில் டிமார் என்று தொடங்கும் வரி. கர்னலின் டிஎம்ஏ_ஏபிஐ_டீபக் வசதியையும் சேர்த்துக் கட்டினால், இறங்கும்போது விடாமல் போன டிஎம்ஏ ஒதுக்கீடுகளையும், வெற்றியா என்று சோதிக்காமல் பயன்படுத்திய இணைப்புகளையும் அதுவே கூப்பிட்டுச் சொல்லும்.

பாக்கெட்டை யார் ஃப்ரீ பண்ணணும்? ஒவ்வொரு டிரைவர்லயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே.

மேக்80211 பயன்படுத்தும் டிரைவரில் விதி எளிது: அனுப்பச் சொல்லி வந்த பாக்கெட் உங்களுடையது. அனுப்பியாகிவிட்டால் நிலை அறிவிக்கும் செயல்கூறு வழியே திருப்பித் தர வேண்டும். அனுப்ப முடியாவிட்டால் ஐஈஈஈ80211_ஃப்ரீ_டிஎக்ஸ்எஸ்கேபி. சாதாரண டெவ்_கேஃப்ரீ_எஸ்கேபி போட்டாலும் ஓடுவது போலத்தான் தெரியும். ஆனால் ஒப்புதல் கேட்டு அனுப்பிய சட்டகங்களின் நகல் மேலடுக்கின் பதிவேட்டில் நின்றுவிடும். டிரைவரை இறக்கும்போது "ஹேவ் பெண்டிங் ஆக் ஃப்ரேம்ஸ்!" என்று எச்சரிக்கை வந்தால் இந்தத் தவறைத் தேடுங்கள்.

மேக்80211 இல்லாத முழு மேக் டிரைவர்களில் (அதன் வேலையைச் சிப்பே செய்துகொள்ளும் வகை) அனுப்பும் செயல்கூறு நெட்டெவ்_டிஎக்ஸ்_ஓகே என்று திரும்பினால் பொறுப்பு டிரைவருக்கு, நெட்டெவ்_டிஎக்ஸ்_பிஸி என்றால் மேலடுக்குக்கு. விடுவித்துவிட்டுப் பிஸி என்று திரும்பினால் மேலடுக்கு அதையே மறுபடி அனுப்ப வரும். அது கசிவல்ல, சேதம்.

யூஎஸ்பி டாங்கிளைப் பிடுங்கினா கர்னல் பேனிக். ஏன்?

இறக்கும் வரிசை தவறு. பிடுங்கும் நேரத்தில் யூஆர்பிகள் (யூஎஸ்பி தரவுக் கோரிக்கைகள்) பறந்துகொண்டிருக்கும். அவை முடிந்ததும் ஒரு வேலையை வரிசையில் போடும். அந்த வேலை, விடுவிக்கப்பட்ட கட்டமைப்பைத் தொடும். முதலில் மேக்80211இலிருந்து பதிவை நீக்குங்கள். அடுத்து யூஎஸ்பி_கில்_ஆங்கர்டு_யூஆர்பிஸ். அதன் பிறகே கேன்சல்_வர்க்_சிங்க், டைமர் நிறுத்தம். கடைசியில் கட்டமைப்பை விடுவிப்பது. வேலையை முதலில் நிறுத்திவிட்டு யூஆர்பியைப் பிறகு கொன்றால், இடையில் முடியும் யூஆர்பி அந்த வேலையை மறுபடி எழுப்பிவிடும்.

ஏடிஎச்9கே_எச்டிசி டிரைவரில் இந்த வகைப் பிழைகளைத் தானியங்கிச் சோதனையான சிஸ்பாட் பல முறை பிடித்திருக்கிறது. சோதிக்க: ஐபெர்ஃப்3 ஓடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்எஃப்எஸ்ஸின் அன்பைண்ட் கோப்பு வழியே 100 முறை கழற்றி மாட்டுங்கள், கேசான் இயங்கும் கர்னலில்.

விண்டோஸ்ல இதெல்லாம் எப்படிப் பார்க்கறது?

டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தில் நான்-பேஜ்டு பூல் என்ற எண் எஸ்அன்ரிக்ளெய்முக்கு ஈடு. அது ஏறிக்கொண்டே போனால், விண்டோஸ் டிரைவர் கிட்டில் வரும் பூல்மான் கருவியை நிர்வாகியாக ஓட்டுங்கள். பி எழுத்தை அழுத்தி நான்-பேஜ்டுக்கு மாற்றி, பைட் வாரியாக வரிசைப்படுத்தினால் நான்கு எழுத்துக் குறி ஒன்று மேலே நிற்கும். சிஸ்டம்32 அடைவில் உள்ள டிரைவர் கோப்புகளில் ஃபைண்ட்ஸ்டர் கொண்டு அந்தக் குறியைத் தேடினால் பெரும்பாலும் எந்த டிரைவர் என்று தெரிந்துவிடும்.

டிரைவரைக் கண்டிப்பாகச் சோதிக்கும் வேரிஃபையர் கருவியை அந்த ஒரு டிரைவருக்கு மட்டும் இயக்குங்கள், எல்லாவற்றுக்கும் அல்ல. நீலத்திரை வளையத்தில் மாட்டினால் சேஃப் மோடில் போய் "வேரிஃபையர் /ரீசெட்" கொடுங்கள்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, கர்னல் அப்டேட்டுக்கு அப்புறம் லீக். பழைய கர்னலுக்குப் போயிட்டா போதுமா?

உங்களுக்குப் போதும், பிழை அங்கேயே இருக்கும். நல்ல பதிப்பும் கெட்ட பதிப்பும் தெரிந்திருப்பது பெரிய வாய்ப்பு. இரண்டுக்கும் இடைப்பட்டதைப் பாதி பாதியாகச் சுருக்கித் தேடும் கிட் பைசெக்ட் போட்டால் இடையில் 10,000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறத்தாழ 14 முறை கட்டிச் சோதித்தால் ஒரே மாற்றத்தில் வந்து நிற்கும். நிகழ்வுச் சோதனையை ஐந்து நிமிட ஸ்கிரிப்டாக வைத்திருந்தால் ஒரு வார இறுதியில் முடிக்கலாம். ஃபர்ம்வேர் கோப்பும் அதே அப்டேட்டில் மாறியிருக்கலாம். பைசெக்ட் முழுவதும் ஒரே ஃபர்ம்வேரை வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தவறான மாற்றத்தில் போய் நிற்பீர்கள்.

அறிக்கையில் எல்எஸ்பிசிஐ -என்என் காட்டும் சிப்பு எண், ஈத்டூல் -ஐ காட்டும் ஃபர்ம்வேர் பதிப்பு, நிகழ்வுக்கு இத்தனை பைட் என்ற உங்கள் கணக்கு, டிகோட்_ஸ்டாக்ட்ரேஸ் ஸ்கிரிப்டில் போட்டு வரி எண்ணாக மாற்றிய அடுக்கு ஆகியவை இருக்கட்டும். கர்னலுக்கு வெளியே இருந்து இறக்கிக் கட்டிய டிரைவர் என்றால் ஊப்ஸ் செய்தியின் டெயின்டட் வரியில் ஓ என்ற எழுத்து இருக்கும். அதைப் பார்த்ததும் கர்னல் பராமரிப்பாளர்கள் அறிக்கையை மூடிவிடுவார்கள், அவர்கள் பக்கத்தில் நியாயமும் உண்டு. அந்தச் சிப்புக்குக் கர்னலுக்குள்ளேயே டிரைவர் வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள்.